மேனேஜருக்கு நெற்றிமுடி வேண்டுமாம்

நாய்க்கு முடி வெட்ட வருகிறவர்கள், தங்களுக்கு என்ன வேண்டும் என்று லேசில் சொல்லிவிட மாட்டார்கள். நாய்க்கு என்ன வேண்டும் என்றுதான் சொல்வார்கள். "இவனுக்கு வாலைத் தொட்டா பிடிக்காதாம்." "இவளுக்குக் காதுல முடி இருந்தாத்தான் அழகாம்." "குட்டிக்குக் குளிருமாம், ரொம்ப எடுத்துடாதீங்க." நாயோ மேசைமேல் நின்றுகொண்டு, பேச்சு வேறு யாரையோ பற்றியது என்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"அதுவே சொல்லுச்சா?" என்று கேட்பாள் அவள்.

கிண்டலுக்குக் கேட்பதில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்பாள். யார் யாருக்காகப் பேசுகிறார்கள், அந்த 'ஆம்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. வாலைத் தொட்டால் பிடிக்காத நாயை நான்கு கேள்வியில் கிண்டிப் பார்த்தால், வீட்டில் யாருக்கோ அந்த வாலின் குஞ்சம் பிடிக்கும் என்பது வெளியே வந்துவிடும். அதைக் கறந்துவிட்டுத்தான் கத்தரியைக் கையில் எடுப்பாள்.

அவளுக்குப் பட்டப்பெயரே 'என்னவாம்'தான். சின்ன வயதில் சொந்தக்காரர்கள் வைத்தது. அதை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாள். ஆனால் ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க வந்த அவள் அம்மா, கடைவாசலில் நின்று "என்னவாம் உள்ள இருக்காளா?" என்று கேட்டுப் போட்டு உடைத்துவிட்டாள். அன்றிலிருந்து முன்கடைக்காரருக்கும் அவள் என்னவாம்தான்.

முன்கடைக்காரர் என்றால், நாய் பூனைத் தீனி விற்கிறவர். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டித்தான் பின்னால் இருக்கும் இவள் அறைக்கு வர வேண்டும். அறையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தொட்டி. கால் வழுக்காமல் இருக்க ரப்பர் விரித்த இரும்பு மேசை. ஒரு பக்கச் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. ஆணிகளில் சீப்புகளும் கத்தரிகளும். மூலையில் ட்ரையர். அதைச் சாதாரண ட்ரையர் என்று நினைத்துவிடக் கூடாது. போட்டால் அறையே அதிரும். முன்கடைக்காரர் போனைக் காதோடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவார். நாயின் தலையைச் சுற்றிக் காதை மூடி ஒரு துணிப்பட்டியைக் கட்டிவிட்டு, தன் காதிலும் பெரிய மூடி ஒன்றை மாட்டிக்கொண்டுதான் அதை எடுப்பாள்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வார்த்தையால் பட்டிருக்கிறாள். ஒருவர் போனில் "கொஞ்சம் வெட்டி விட்டுடுங்க" என்றார். இவள் காதில் "கொஞ்சம் விட்டு வெட்டிடுங்க" என்று விழுந்தது. வெட்டி விடுவதற்கும் விட்டு வெட்டுவதற்கும் எவ்வளவு தூரம் என்பது மாலையில் அந்த மனிதர் வந்தபோதுதான் தெரிந்தது. கரடிக்குட்டி மாதிரி விட்டுவிட்டுப் போன நாய், தோல் உரித்த கிழங்கு மாதிரி நின்றது. மனிதர் திட்டவில்லை. "இது எங்க வீட்டுதுதானா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவள் வாய்வார்த்தையை நம்புவதில்லை. "விரலை விட்டுக் காட்டுங்க" என்பாள். வருகிறவர் நாயின் முடிக்குள் விரலை நுழைத்து, எந்த இடம் வரை இருக்கலாம் என்று தொட்டுக் காட்ட வேண்டும். வாய் ஒன்றைச் சொல்லும், விரல் வேறொன்றைக் காட்டும். அவள் விரலைத்தான் கேட்பாள்.

வார்த்தைமேல் இந்தச் சந்தேகம் அவளுக்குப் பிறந்த வீட்டிலேயே வந்துவிட்டது. அவள் அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில், ஒரே கூடத்தில் இருந்துகொண்டு பேசிக்கொள்ளாதவர்கள். என்ன கோபம் என்று இன்றுவரை தெரியாது. நடுவில் இவள். "இதை மனுஷன் சாப்பிடுவானான்னு உங்கம்மாவைக் கேளு" என்பார் அப்பா. இவள் அம்மா பக்கம் திரும்பி, "அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேணுமாம்" என்பாள். "கை இருக்குல்ல, எடுத்துப் போட்டுக்கச் சொல்லு" என்பாள் அம்மா. இவள் அப்பா பக்கம் திரும்பி, "உப்பு பக்கத்துலயே வெச்சிருக்காங்களாம்" என்பாள். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் இவள் சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு. கழுத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, இரவில் படுத்தால் வலிக்கும். வீட்டுக்கு வரும் சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் "என்னவாம், என்னவாம்?" என்று அவளைத்தான் விசாரிப்பார்கள். பேர் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு பள்ளி விடுமுறையில், சித்திக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று இவளை அழைத்துக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த நாளெல்லாம் இவளுக்கு ஒரே கவலை. வீட்டில் உப்பு கேட்க யார் இருக்கிறார்கள்? விடுமுறை முடிந்து திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே அப்பா "துண்டு எங்க வெச்ச?" என்று கேட்டார். "கொடியில பாருங்க" என்றாள் அம்மா. இவள் செருப்பும் கையுமாக அப்படியே நின்றாள். யாரோ வேலையைப் பிடுங்கிக்கொண்டது போல் இருந்தது. யார் முதலில் பேசினார், என்ன பேசினார் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் மழுப்பிவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்தும் ஆயிற்று. அந்தக் கேள்வி மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

இப்படிப்பட்டவளிடம்தான் மேனேஜர் வந்து சேர்ந்தது.

மேனேஜர் ஒரு சின்ன வெள்ளை நாய். மேலெல்லாம் பொசுபொசு என்று முடி, கண்ணை மூடிக்கொண்டு தொங்கும் நெற்றிமுடி. கொண்டு வந்தவள் அறுபதை நெருங்கியவள். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளாம். ஆயுசெல்லாம் பிறரை 'உஷ்' என்று அடக்கியவள் என்பதால், அவள் பேசினால் எதிரில் இருப்பவருக்கே பாதிதான் கேட்டது.

"பேரு மேனேஜரா?"

"எல்லாரும் வேலை செய்யறப்போ நடுவுல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். தான் ஒரு வேலையும் செய்யாது. அதான்."

"என்ன மாதிரி வெட்டட்டும்மா?"

"உடம்புல உங்க இஷ்டம். நெத்தியில மட்டும் கத்தரியே படக் கூடாது. அதுக்கு நெத்தி முடி வேணுமாம்."

"யாருக்காம்?" என்றாள் இவள், வழக்கம்போல்.

அந்த அம்மாள் நாயைத் துடைக்கக் கொண்டுவந்த துண்டைப் பையிலிருந்து இழுத்தாள். கூடவே ரப்பர் பேண்டுகள் ஏழெட்டு தெறித்துத் தரையில் விழுந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஒன்றில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பூ. குழந்தைகள் தலையில் மாட்டுவது. அந்த அம்மாள் பதறிக் குனிந்து, ஒன்றுவிடாமல் பொறுக்கினாள். உருண்டு தொட்டிக்கு அடியில் போன ஒன்றுக்காக, முட்டி போட்டுக் கையை விட்டுத் துழாவினாள். இவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

சோப்பு போட்டு, அலசி, சிக்கெடுத்து முடிப்பதற்குள் விஷயம் வெளியே வந்தது. வீட்டில் அவள் மாடி, அவள் தங்கை கீழ். இருவரும் சேர்ந்துதான் நாயை வாங்கினார்கள். அதற்குப் பேர் வைப்பதில் ஒத்துப்போவதற்குள், ஒருநாள் மேல் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்து, மோட்டாரை நிறுத்த வேண்டியது யார் என்று வாய் தடித்து, பேச்சு நின்றுவிட்டது. நாய்க்குப் பேச்சுவார்த்தை முறிந்த விஷயம் தெரியாது. பகலெல்லாம் கீழே இருக்கும். சாயங்காலம் தானாகப் படியேறி வந்து மாடியில் படுக்கும். காலையில் இறங்கிப் போகும்.

"படியேறி வர்றப்போ நெத்தியில ஒன்னு கட்டியிருக்கும்" என்றாள் அந்த அம்மாள், குரலை இன்னும் இறக்கி. "தினம் ஒரு கலர். படுத்தா இழுக்குமேன்னு நான் அவுத்துடுவேன்."

"அவுத்து?"

"ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். நெறஞ்சுபோய் ரெண்டாவது டப்பாவும் வெச்சாச்சு. இதெல்லாம் அலமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்தது, நேத்து அதை நகத்திப் பெருக்கறப்போ கெடச்சுது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "கீழ இருந்து எனக்குன்னு வர்றது அது ஒன்னுதான். நெத்தி முடி போச்சுன்னா அதுவும் இல்ல. அவ இங்க வந்தா சொல்லிடாதீங்கம்மா. வேணாம்."

சொல்ல மாட்டேன் என்று இவள் வாக்குக் கொடுத்தாள். ஆசையாகத்தான் கொடுத்தாள். இப்படி ஒரு விஷயத்தைக் கையில் வைத்திருப்பதே ஒரு சுகம். அதன் கனம் அடுத்த மாதம்தான் தெரிந்தது.

அடுத்த மாதம் வேறொரு அம்மாள், பஞ்சு என்று ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாலர் பள்ளியில் பாட்டுச் சொல்லித் தருகிறவள். கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. நாயை மேசையில் நிறுத்தியதும், இடது காதுக்குப் பின்னால் பருப்பளவு மரு ஒன்று இவள் விரலில் தட்டுப்பட்டது. போன மாதம் சிக்கெடுக்கும்போது தட்டுப்பட்ட அதே மரு.

"மேனேஜர்!" என்றாள் இவள், தன்னை அறியாமல். நாய் வாலை ஆட்டியது.

தங்கைக்காரியின் முகம் விழுந்துவிட்டது. "அது மாடியில கூப்பிடற பேரு" என்றாள். "அவங்களும் இங்கதான் வர்றாங்களா?"

"என்ன மாதிரி வெட்டட்டும்?" என்று இவள் பேச்சை மாற்றினாள்.

"நெத்தி முடியை ஒட்ட எடுத்துடுங்க. கண்ணை மறைக்குதாம்."

"யாருக்காம்?"

"நாய்க்குத்தான். வேற யாருக்கு?" என்று வெடுக்கென்று சொன்னவள், உடனே உடைந்துவிட்டாள். "ஸ்கூல்ல எத்தனையோ பிள்ளைங்களுக்குத் தலை கட்டிவிடறேன். மிச்ச நேரத்துல இதுக்கும் ஒன்னு கட்டி மேல அனுப்பறேன். அவளுக்குச் சிவப்பு பிடிக்கும்னு சிவப்பு, பூ பிடிக்கும்னு பூ. காலையில பாத்தா வெறும் நெத்தியோட வரும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கட்டினது கட்டினபடி வந்ததில்ல. என் கை பட்டதுகூடவா ஆகாது? சரி, வேணாம்னா வேணாம். கட்டறதுக்கு முடியே இல்லாம பண்ணிடுங்க. நானும் விட்டுடறேன்."

டப்பா என்ற சொல் இவள் நாக்கு நுனி வரை வந்து நின்றது. ஒரு வார்த்தை போதும். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறாளே. கத்தரியை எடுத்தால் அக்காக்காரிக்கு வரும் ஒரே கடிதம் நின்றுபோகும். எடுக்காவிட்டால் இந்த அம்மாள் வேறு இடம் தேடிப் போய் வெட்டிக்கொள்வாள். அங்கே இருக்கிறவர்களுக்கு இது வெறும் முடி. என்ன செய்வது? நாயின் கண்ணோரம் லேசாகச் சிவந்திருந்தது. அதை ஊதிப் பெரிதாக்கினாள்.

"கண்ணு செவந்திருக்கும்மா. இன்னைக்குக் கிட்ட கத்தரி வேணாம். குளிப்பாட்டி மட்டும் அனுப்பறேன். சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க."

"சனிக்கிழமை வெட்டிடணும்" என்றாள் தங்கைக்காரி. "இல்லன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலம் இவள் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மனம் நறுக்குவதில் இல்லை. இரண்டு பெண்களும் அவள் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு 'சொல்லு, சொல்லாதே' என்று படுத்தினார்கள். சின்ன வயதுக் கழுத்துவலி மறுபடி வந்துவிட்டது போல் இருந்தது. ஒன்றை மாற்றி ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கலாம். அவளுக்குத் தெரியாத வித்தையா? ஆனால் அப்படிச் சமாளித்த காலமெல்லாம் அப்பாவும் அம்மாவும் பேசவே இல்லையே. அவள் இல்லாதபோது அல்லவா பேசினார்கள்?

கத்தியை வைத்துவிட்டு, பழைய கேள்வியை மறுபடி எடுத்தாள்.

"அம்மா, நான் சித்தி வீட்டுக்குப் போயிருந்தப்போ நீங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சீங்களே. யாரு முதல்ல பேசினது?"

"ஆரம்பிச்சிட்டா பாரு. இப்ப எதுக்குடி அது?"

"சும்மா சொல்லும்மா. எப்படிப் பேசினீங்க?"

அம்மா ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தாள். "எப்படின்னா? நீ இல்ல. வேற யார்கிட்ட கேக்கறது?"

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த பீன்ஸை எடுத்தாள். இத்தனை வருஷமாக ஏதோ பெரிய ரகசியம் என்று இவள் நினைத்திருந்தது இதுதானா? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த வீட்டைத் தாங்கிப் பிடித்த தூண் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தூண் நகர்ந்தால் அந்தப் பக்கம் இருக்கிறவர் தெரிவார் என்பது யோசனையிலேயே வரவில்லை. யார் முதலில் பேசினார் என்பதை அம்மா இப்போதும் சொல்லவில்லை என்பது, படுக்கையில் புரண்டபோதுதான் உறைத்தது. கெட்டிக்காரி.

மறுநாள் இரண்டு போன் போட்டாள். இரண்டிலும் ஒரே பேச்சு.

"உங்க வீட்டு நாய்க்கு ஒருத்தங்க நெத்தி முடியை வெட்டுங்கறாங்க, ஒருத்தங்க வெட்டாதீங்கறாங்க. ஒரு நாய்க்கு ரெண்டு நெத்தி வெக்க எனக்குத் தெரியாது. சனிக்கிழமை ரெண்டு பேரும் வந்துடுங்க. யாராவது ஒருத்தர் வரலன்னா கத்தரியைத் தொட மாட்டேன்."

"அவ வருவாளா?" என்று இரண்டு பேருமே கேட்டார்கள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? கேட்டுப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். கேட்க மாட்டார்கள் என்று தெரியும்.

சனிக்கிழமை நாயோடு தங்கைக்காரி வந்தாள். கொஞ்சம் பிந்தி, நாய் தொட்டியில் நுரையோடு நிற்கும்போது, அக்காக்காரி வந்தாள். நாய் இரண்டு பேரையும் ஒரே அறையில் பார்த்த சந்தோஷத்தில் தொட்டியைவிட்டுக் குதிக்கப் பார்த்தது. அலசி, பிழிந்து, மேசைக்குக் கொண்டுவந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கை. நடுவில், நாய்க்குப் பின்னால், இவள். எதிரே கண்ணாடி. இரண்டு பேரும் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் நாயையே பார்த்தார்கள்.

"நெத்தியில கை வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றாள் அக்காக்காரி, மெல்லிய குரலில், இவளிடம்.

இவள் கழுத்து தானாகத் தங்கைக்காரி பக்கம் திரும்பியது.

"ஒட்ட வெட்டியே ஆகணும்னு சொல்லுங்க" என்றாள் தங்கைக்காரி.

கழுத்து திரும்பியது.

"நாய் ரெண்டு பேருக்கும் பொதுன்னு சொல்லுங்க."

"பொதுவா? பகல் முழுக்க யாரு பாத்துக்கறாங்கன்னு கேளுங்க."

"ராத்திரி யாரு பாத்துக்கறாங்கன்னு கேளுங்க."

இரண்டு முகமும் இவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றன. இவளுக்குள் இருந்த அந்தச் சின்னப் பெண் வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டாள். 'நீங்க கட்டி அனுப்பறது அவங்களுக்கு ரொம்பப் பிடிக்குமாம்.' வேடிக்கை என்னவென்றால், வாழ்க்கையில் முதல்முறையாக அவள் புனைந்த வாக்கியம் உண்மையாகவும் இருந்தது. உதடுகூடப் பிரிந்துவிட்டது. 'நீ இல்ல. வேற யார்கிட்ட கேக்கறது?' என்ற அம்மாவின் குரல் காதில் விழுந்தது. எங்கே போவாள்? வேலை பாதியில் நிற்கிறது. ஈர நாயை மேசையில் விட்டுவிட்டுச் சித்தி வீட்டுக்கா போக முடியும்?

நாயின் தலையில் துணிப்பட்டியைச் சுற்றினாள். தன் காதுகளில் மூடியை மாட்டினாள். ட்ரையரை எடுத்துச் சூட்டைக் குறைத்து, போட்டாள்.

அறை அதிர்ந்தது. முன்கடையில் நாற்காலி தள்ளப்படுவதும், கடைக்காரர் போனோடு தெருவுக்கு ஓடுவதும் கண்ணாடியில் தெரிந்தன. அக்காக்காரி இவளைப் பார்த்து ஏதோ சொன்னாள். இவள் காது மூடியைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். தங்கைக்காரி இவள் தோளைத் தட்டி ஏதோ சொன்னாள். அதற்கும் தலையாட்டல்தான். பிறகு அவள் மும்முரமாக நாயின் முதுகைக் காய வைக்க ஆரம்பித்தாள்.

கை முதுகில் இருந்தது. கண் முழுக்கக் கண்ணாடியில் இருந்தது. யார் முதலில் பேசப் போகிறார்கள்? இதைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தாள்! தங்கைக்காரி உதட்டைக் கடித்தாள். அக்காக்காரி தொண்டையைச் செருமினாள். தங்கைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அக்காக்காரியும் நிமிர்ந்தாள். இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வயிற்றுப்பக்கம் மிச்சமிருந்த ஈரத்தோடு தலையிலிருந்து வால்வரை ஒரு குலுக்குக் குலுக்கியது. முகமெல்லாம் தண்ணீர், கண்ணெல்லாம் முடி. பாவி நாயே என்று திட்டிக்கொண்டே துண்டைத் தேடி எடுத்து, கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், இரண்டு வாயும் திறந்திருந்தன.

தவறவிட்டுவிட்டாள். யார் முதலில் என்பது இந்தத் தடவையும் போயிற்று. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ட்ரையரையே வீசி எறிந்திருப்பாள்.

ஆனால் எறியவில்லை. இரண்டு பேரும் மேசைமேல் சாய்ந்து, ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் முகத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ட்ரையருக்கும் காது மூடிக்கும் இந்தப் பக்கம் இவளுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. மூடியை ஒரு ஓரமாகத் தூக்கிப் பார்க்கலாமா? விரல் அங்கே போய்விட்டது. போன விரலை இழுத்துக்கொண்டு வந்தாள். அது பெரிய கஷ்டமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முதுகு காய்ந்தது, வயிறு காய்ந்தது, நான்கு காலும் காய்ந்தன. அவர்கள் நிறுத்துவதாக இல்லை. காய்ந்த வாலையே மறுபடி மறுபடி காய வைத்தாள். மேனேஜர் திரும்பி, இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தன் வாலைப் பார்த்தது.

அப்புறம் தங்கைக்காரி முகத்தை மூடிக்கொண்டாள். இனிமேல் ட்ரையர் தேவையில்லை என்று இவளுக்குத் தோன்றியது. அணைத்தாள். மூடியைக் கழற்றினாள்.

சத்தம் நின்றது அக்காக்காரிக்குத் தெரியவில்லை.

"—ஒன்னுகூடத் தொலைக்கலடி! எல்லாத்தையும் எடுத்து டப்பாவுல வெச்சிருக்கேன்டி!"

நிசப்தமான அறையில் அந்தக் குரல் சுவரில் மோதி, முன்கடை தாண்டி, தெருவுக்கே போயிருக்கும். வாழ்நாளெல்லாம் 'உஷ்' சொன்னவள் தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தங்கைக்காரி கையை முகத்திலிருந்து எடுத்தாள். "எல்லாத்தையுமா?" என்றாள்.

"ம்."

"அந்தப் பூ வெச்சதுகூடவா?"

"அது பையிலயே இருக்கு."

"அப்புறம் ஏன்க்கா தினம் அவுத்து அனுப்பின?"

"படுத்தா இழுக்கும்ல?"

"இழுக்குதுன்னு அது சொல்லுச்சா?"

"நான் சொல்றேன்டி" என்றாள் அக்காக்காரி. "இழுக்கும். நீ எப்பவுமே இறுக்கித்தான் கட்டுவ. சின்ன வயசுல என் தலையையும் அப்படித்தான் கட்டின."

"என்னவாம்?" என்றாள் இவள், பழக்க தோஷத்தில். இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "அப்போ நெத்தி முடியை என்ன செய்யட்டும்? விரலை விட்டுக் காட்டுங்க" என்றாள். அதற்கும் அவளுக்குப் பதில் வரவில்லை. ஆனால் இரண்டு கைகள் வந்தன. அக்காக்காரி நெற்றிமுடிக்குள் விரலை விட்டு, "இவ்ளோ இருக்கட்டும்" என்றாள் தங்கையிடம். "அவ்ளோ விட்டா கண்ணு எங்க தெரியும்? இவ்ளோ போதும்" என்று தங்கைக்காரி தன் விரலை விட்டாள் பக்கத்தில். "அதுல எப்படிடி கட்டுவ?" "கட்டறது நான்தானே, எனக்குத் தெரியாதா?" "தெரிஞ்ச லட்சணம்தான் தெரியுதே!" "அப்போ மோட்டாரை நிறுத்தத் தெரியாதவ மட்டும்..." என்று பேச்சு மேல் தொட்டிக்குப் போய்விட்டது. விரல்கள் மட்டும் நெற்றிமுடிக்குள் அப்படியே இருந்தன. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டது.

இவள் கத்தரியை ஆணியில் மாட்டிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த நாய்க்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆகட்டும் என்று இருந்தாள். எந்தப் பக்கமும் திரும்ப வேண்டாமல் கழுத்து அதன் இடத்தில் சும்மா இருந்தது. அது எவ்வளவு சுகம்!

தெருவிலிருந்து திரும்பிய முன்கடைக்காரர் மூட்டைகளுக்கு மேலாகத் தலையை நீட்டினார். உள்ளே நடக்கும் கூச்சலைப் பார்த்துவிட்டு, கண்ணாலேயே அந்த இரண்டு பேரையும் காட்டி, "என்னவாம்?" என்றார்.

"தெரியலண்ணே" என்றாள் அவள். "என்கிட்ட யாரும் சொல்லல."